கம்பெனி விடுவதற்குள்

டீச்சர்,

இன்று காலை திருத்தங்கல் அச்சகத்திலிருந்து ஒரு சுவரொட்டிக் கட்டு வந்தது. வட்டார வள மையத்தின் நீள மேசையில் வைத்துச் சணலை அறுத்ததும் அச்சு மை வாசனை அறை முழுக்க எழுந்தது. 'மாணவர் பாதுகாப்பும் செயற்கை நுண்ணறிவும்: தலைமையாசிரியர்களுக்கான புதிய வழிகாட்டுதல்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மேல்தாளை எடுத்தேன். என் கட்டைவிரல் ரேகை 'புதிய' என்ற சொல்லின் மேல் அழகாகப் பதிந்தது.

நீங்கள் இருந்திருந்தால் தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "மை காயலையே சார், அதுக்குள்ள அடுத்தது வந்துரும்ல?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்து அதைக் கடைசி வரிவரை படித்திருப்பீர்கள். அதுதான் உங்களிடம் இருந்த சிக்கல். மற்ற தலைமையாசிரியர்கள் 'பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்பீர்கள்.

என் பதவிக்கு ஆசிரியர் பயிற்றுநர் என்று பெயர். விதிகள் மாறும்போது தலைமையாசிரியர்களைக் கூட்டி, மாறிவிட்டது என்று அறிவிப்பது என் வேலை. ஏன் மாறியது என்று யாராவது கேட்டால் தேநீர் இடைவேளை விடுவதும் என் வேலைதான். நீங்கள் வந்த கூட்டங்களில் நாங்கள் நிறையத் தேநீர் குடித்திருக்கிறோம்.

ஒரு வருடம் பள்ளிக்குள் கைப்பேசி நுழையவே கூடாது என்று விதி வந்தது. அடுத்த வருடம் ஆசிரியர்கள் கைப்பேசியில்தான் வருகை பதிய வேண்டும் என்று வந்தது. அதற்கடுத்து, வீட்டுப்பாடத்தைக் கைப்பேசிக் குழுவில் அனுப்பச் சொன்னார்கள். பிறகு, கைப்பேசியால் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்துகள் பற்றி விழிப்புணர்வு ஊட்டச் சொன்னார்கள். அந்த விழிப்புணர்வுக் காணொளியும் கைப்பேசியில்தான் வந்தது. நான்கையும் ஒரே முகபாவத்துடன் நான் விளக்கினேன். கண்காணிப்புக் கேமரா வந்த வருடம் நினைவிருக்கிறதா? உங்கள் பள்ளிக்குக் கேமரா வந்தது, அதில் தெரிவதைப் பார்ப்பதற்கான திரை வரவில்லை. ஆய்வுக்கு வந்தவர் அதைச் சுட்டிக்காட்டியபோது நீங்கள், "அது நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கட்டும் சார். நாம பிள்ளைகளப் பாப்போம்" என்றீர்கள். அவர் அதை 'கேமரா இயங்குகிறது' என்று எழுதிக்கொண்டார்.

அந்த வரிசையில்தான் வருகைச் செய்தித் திட்டமும் வந்தது. பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால் முதல் மணி முடிவதற்குள் பெற்றோரின் கைப்பேசிக்குத் தானாகச் செய்தி போய்விடும். போய்ச் சேர்ந்தால் என் திரையில் பச்சைக் குறி தோன்றும். எனக்கு அந்தத் திட்டம் உண்மையிலேயே பிடித்திருந்தது. வெள்ளோட்டம் பார்ப்பதற்குத் தலைமையாசிரியர்கள் எல்லாரையும் கூட்டினோம். பள்ளி நாளில் கூட்டினால் பாடம் கெடும் என்று ஞாயிற்றுக்கிழமை வைத்தோம்.

மண்டபத்தில் இருந்தபடியே செய்திகளை அனுப்பினோம். 'தங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை.' சில நிமிடங்களில் பதில்கள் வந்து விழுந்தன. கும்பிடும் கைகள், 'ஓகே சார்', 'சரிங்க டீச்சர்'. ஒரு தாய் மட்டும், 'இன்னைக்கு ஞாயித்துக்கிழம, பிள்ளை வீட்லதான் இருக்கு' என்று பதில் போட்டிருந்தார். எல்லாரும் சிரித்தோம். பெற்றோரின் ஈடுபாட்டுக்கு எடுத்துக்காட்டாக அந்தப் பதிலை அறிக்கையில் சேர்த்தேன். அந்த ஒரு பதிலில்தான் எல்லாமே இருந்தது, டீச்சர். மண்டபத்தில் இருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை. உங்களுக்கும்தான்.

திட்டம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். மாதிரிப் பள்ளி என்று உங்கள் பள்ளியை எழுதுவதற்காக வந்திருந்தேன். வெம்பக்கோட்டைச் சாலையில் பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்திலிருந்து புழுதியில் நடந்து வந்து, உங்கள் அறையில் உட்கார்ந்து, பலகைக் கணினியைத் திறந்து பச்சைக் குறிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். அன்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. கௌசல்யா. அவள் அம்மாவின் எண்ணுக்குச் செய்தி போயிருந்தது. பச்சைக் குறியும் விழுந்திருந்தது.

"பார்த்தீங்களா டீச்சர், போய்ச் சேர்ந்திருச்சு" என்றேன்.

உங்கள் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டீர்கள்.

"டீச்சருங்களா? நான் கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் பேசுறேன். உங்க மெசேஜு இங்கன வந்து சேந்துருச்சு."

"எந்த மெசேஜு?"

"பிள்ள பள்ளிக்கூடம் வரலைன்னு. அந்தப் பிள்ளையும் இங்கனதான் நிக்குது."

பட்டாசுக் கம்பெனிக்குள் கைப்பேசி போகக் கூடாது. ஒரு பொறி போதும், அதனால் கேட்டிலேயே எல்லாரும் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். சாயங்காலம் கம்பெனி விடும்போதுதான் திரும்பக் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் இது நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். ஞாயிறு தவிர எல்லா நாளும், நம் பெற்றோர்களில் பெரும்பாலோரின் போன்கள் பகல் முழுக்க ஏதோ ஒரு கேட்டில், மரத்தட்டின் பொந்துகளில் கிடக்கின்றன. நாம் ஒரு மாதமாக அந்தப் பொந்துகளுக்குத்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றும் தவறாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "ஞாயித்துக்கிழமை" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தீர்கள்.

நீங்கள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. அதை என் தலையில் மாட்டினீர்கள். "உங்க தலைலதான சார் விதி பூராவும் இருக்கு, பத்திரமா வச்சுக்கோங்க."

கேட்டருகே, வெயிலில், சீருடையுடன் கௌசல்யா நின்றிருந்தாள். வாட்ச்மேன் கதவை மறித்துக்கொண்டு நாற்காலி போட்டிருந்தார். அவர் சொன்னது இது: வேன்கள் வந்து போன கொஞ்ச நேரத்தில் பிள்ளை வந்திருக்கிறாள். அம்மாவின் போனைக் கேட்டிருக்கிறாள். டோக்கன் இல்லாமல் தர முடியாது என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் அழுதிருக்கிறாள். அப்போது பொந்தில் இருந்த அதே போன் 'டிங்' என்றிருக்கிறது. எட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் செய்தி.

"அழுதாலும் குடுக்க மாட்டேன் டீச்சர். நாளைக்கு எவனாச்சும் வந்து அழுதா எல்லாப் போனையும் தூக்கிக் குடுத்துறவா? நீங்களும் கேட்டத் தாண்டணும்னா போனக் குடுத்துட்டுத்தான். சார் கையில இருக்குற பெரிய போனையும்."

என் பலகைக் கணினியைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன். மாவட்டத்தின் வருகைச் செய்தித் திட்டம் நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும், தான் செய்தி அனுப்பிய போன்களுக்குப் பக்கத்துப் பொந்திலேயே கிடந்தது.

நான் அந்தப் பெண்ணிடம் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "சாப்ட்டியா?" என்றீர்கள். அவள் தலையாட்டினாள். இல்லை என்று பொருள். கேட்டுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தடிக்கு அவளை அழைத்துப் போனீர்கள். நானும் வாட்ச்மேனும் காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும் என்று கண்ணாலேயே சொன்னீர்கள். வாட்ச்மேனுக்கு அது புரிந்தது. எனக்கு, அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகு புரிந்தது.

திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

வீட்டுப்பாடத்துக்காகப் பள்ளி ஏற்படுத்திய குழுவில், காலையில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. மணமகள் கௌசல்யா. படம், பெயர், அப்பா அம்மா பெயர், முகூர்த்த நேரம், மேலே பிள்ளையார், எல்லாம் சரியாக. மணமகன் என்று அதே வகுப்பில் படிக்கும் வேறு தெருப் பையனின் பெயர். எந்தத் தெரு என்பது இங்கே தேவையில்லை. அது மட்டும்தான் அன்று சாயங்காலம் எல்லாருக்கும் தேவைப்பட்டிருக்கும். செய்தவன் வகுப்பிலேயே ஒருவன்; படம் வந்தது அவன் வீட்டு எண்ணிலிருந்து. அவன் அப்பா அச்சகத்தில் பத்திரிகை வடிவமைக்கிறவர். பையன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறான். விளையாட்டு. மற்ற ஊராக இருந்தால் பார்த்த உடனே பொய் என்று சொல்லிவிடுவார்கள். பாதி ஊர் பத்திரிகை அடித்துப் பிழைக்கும் இடத்தில், தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கலாம் போல் இருந்தது அது.

குழுவில் இருப்பவை பெற்றோரின் எண்கள். அவர்கள் போன்கள் பெரும்பாலும் கேட்டுகளில் இருந்தன. அம்மா வீட்டில் இருக்கும் ஒரு தோழி மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வரும் வழியில் கௌசல்யாவிடம் சொல்லியிருக்கிறாள். இவள் பாதி வழியில் திரும்பி, அம்மாவின் போனிலிருந்து அதை அழித்துவிடலாம் என்று கம்பெனிக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"அப்பா பாத்தா பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவாக டீச்சர். அக்காவ அப்படித்தான் நிப்பாட்டுனாக" என்றாள். அவள் அக்காவை நீங்கள் அறிவீர்கள். யாரோ ஒருவனுடன் போனில் பேசினாள் என்று கேள்விப்பட்டு, உண்மையா என்று கேட்பதற்குள் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து வைத்திருந்தார்கள். இன்று வேறு ஊரில் எங்கோ குடும்பம் நடத்துகிறாள்.

உங்கள் போனில் வகுப்பாசிரியரைக் கூப்பிட்டுக் குழுவிலிருந்து படத்தை நீக்கச் சொன்னீர்கள். நீக்கினார். ஆனால் அதற்குள் யாரோ ஒரு நல்ல மனிதர் அதை உண்மை என்று நம்பி, 'மணமக்கள் வாழ்க' என்று ஊர்க் குழுவுக்கு அனுப்பியிருந்தார். கம்பெனி விட்டதும் ஊரே பார்க்கும்.

அந்த இடத்தில்தான் நான் என் பதவிக்கு ஏற்றதைச் சொன்னேன். "டீச்சர், இது தொழில்நுட்ப விதியிலயும் வருது, பாதுகாப்பு விதியிலயும் வருது. எந்தப் பதிவேட்டுல எழுதுறதுன்னு மேலிடத்துல வழிகாட்டுதல் கேட்டுடலாம்."

"கேளுங்க சார். கட்டாயம் கேளுங்க. ஆனா பதில் வர்றதுக்குள்ள கம்பெனி விட்டுரும்."

நீங்கள் விதிகளை அலட்சியம் செய்தவர் என்று பின்னால் சிலர் பேசினார்கள். எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பு வரும். அன்று நடந்த எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்தீர்கள். சுவரில் பெயர்ப்பலகையாக மட்டும் இருந்த குழந்தைகள் பாதுகாப்புக் குழுவை அன்றைக்கே கூட்டச் சொன்னீர்கள். பிள்ளையின் பெயர் நாலு பேரைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்றீர்கள். அவளை விசாரணை என்ற பெயரில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றீர்கள். எல்லாம் நான் பயிற்சியில் வாசித்த வரிகள்தான். நான் வாசித்தபோது அவை வரிகளாக இருந்தன. உங்கள் கையில் வேலைகளாயின. மணமகன் என்று பெயர் போடப்பட்டிருந்த பையனின் வீட்டுக்கு வகுப்பாசிரியரை நேரிலேயே அனுப்பிவைத்தீர்கள்.

போர்மேன் முணுமுணுத்துக்கொண்டே கௌசல்யாவின் அம்மா முத்துலட்சுமியை வெளியே விட்டார். "சீசன் நேரத்துல ஆளக் கூப்பிடுறீகளே டீச்சர், ஆர்டர் நிக்குது." முத்துலட்சுமி முழங்கை வரை அலுமினியப் பொடி மின்ன வந்தார். மகளைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது.

"ஏண்டி, பள்ளிக்கூடம் போகாம இங்கன வந்து என்ன செய்ற? ஓங்கப்பனுக்குத் தெரிஞ்சா—"

"முத்துலட்சுமி, கோபப்படுறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேளு" என்று அவர் கையைப் பிடித்தீர்கள். உங்கள் கையும் வெள்ளியாயிற்று. "உம் போனுக்கு ஒரு படம் வந்திருக்கு. அந்தப் படத்த நீ பாக்குறதுக்கு முந்தி என் வாயால கேட்டுக்கோ. அது பொய். கூடப் படிக்கிற பய ஒருத்தன் செஞ்சது. உம் பிள்ள மேல தூசி அளவு குத்தம் இல்ல. இப்பப் பாரு."

டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி, ஊர்க் குழுவில் இருந்ததை பொடி ஒட்டாதபடி சுண்டுவிரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கண்ணீர் வழிந்தது. ஆனால் முதலில் சொன்னது இதுதான்: "எழுத்தெல்லாம் எம்புட்டு நல்லாப் போட்டுருக்கான் பாருங்க டீச்சர். எனக்கே நம்பத் தோணுதே. அவுகளுக்குத் தோணாம இருக்குமா?"

அவுக என்பது கருப்பசாமி, கௌசல்யாவின் அப்பா. நாரணாபுரம் பக்கம் வேறொரு கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். நீங்களும் முத்துலட்சுமியும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். "மருந்துல கை வச்சிருக்க ஆளுக்கு இந்தச் சேதி சொல்லக் கூடாது சார். கை நடுங்கும்" என்றீர்கள். அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டி வந்தீர்கள். சத்துணவு முட்டையை அவளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டீர்கள். பத்திரிகை செய்த பையனின் அப்பா அச்சகத்திலிருந்து ஓடிவந்து, உங்கள் முன்னாலேயே மகனை அடிக்கக் கை ஓங்கினார். "இங்கன அடிக்கக் கூடாதுங்க, விதி. வெளிய கொண்டுபோய் அடிச்சீகன்னா நான் புகார் குடுக்கணும், அதுவும் விதி" என்றீர்கள். அவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இனி என்னதான் செய்வது என்று தெரியாமல் நின்றார். பையன் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தான். அவன் இப்போது கேட்கலாமா என்று கௌசல்யாவிடம் கேட்டீர்கள். "இன்னைக்கு வேண்டாம் டீச்சர்" என்றாள். சரி, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது என்றீர்கள். கேட்க வேண்டிய மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்ததுதான் பெரிய தண்டனை என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நாரணாபுரம் கேட்டுக்கு வெளியே நாம் மூவரும் நின்றோம். நீங்கள், முத்துலட்சுமி, நான்.

அந்த ஒன்றை மட்டும் நாம் யாரும் யோசிக்கவில்லை. கம்பெனி விட்டு ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். நம்மைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. பேச்சு நின்றது. ஒருவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது போல் மூடிக்கொண்டார். இந்தப் பக்கத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வேலை முடியும் முன்பே வந்து நின்றால், கூட ஒரு டீச்சரும் நின்றால், அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. எங்கோ ஓர் அறை வெடித்திருக்கிறது.

கருப்பசாமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். போனை வாங்கவில்லை. செருப்பு ஒன்று பின்னால் கழன்று கிடந்தது.

"யாருக்கு? ஏ முத்து, யாருக்கு? ஓங் கம்பெனியிலயா? பிள்ள... டீச்சர், பிள்ளைக்கா?"

"பிள்ள நல்லா இருக்கு" என்றீர்கள். "கருப்பசாமி, என்னயப் பாருங்க. பிள்ள நல்லா இருக்கு. பள்ளிக்கூடத்துல இருக்கு. நல்லா இருக்கு."

மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னீர்கள்.

"பத்திரிகையா?" என்றார். "கல்யாணப் பத்திரிகையா?"

"ஆமா. பொய்ப் பத்திரிகை."

"அம்புட்டுத்தானா டீச்சர்?"

கோபம் பிறகு வந்தது. எந்தப் பய, எந்தத் தெரு என்றெல்லாம் கேட்டார். ஆனால் மகள் உயிரோடு இல்லை என்று ஒரு நிமிடம் நம்பிவிட்ட மனிதரின் கோபம் அது; கால் ஊன்றி நிற்க முடியவில்லை. அதற்குள் அந்தக் கேட்டின் வாட்ச்மேன் அவர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மச்சான். எதிர்முனையின் குரல் எங்களுக்கே கேட்டது: "என்ன மாப்ள, சொல்லாமக் கொள்ளாமப் பத்திரிகை வரைக்கும் போயிட்டீக?"

கருப்பசாமி உங்களைப் பார்த்தார். முத்துலட்சுமி சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கௌசல்யாவின் படிப்பு அந்த நேரத்தில் கருப்பசாமியின் நாக்கில் இருந்தது.

"அது பொய்யி மச்சான்" என்றார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார். "எவனோ சின்னப்பய வேல. டீச்சரே இங்கன வந்து நிக்காக. எம் பிள்ள படிக்கா. படிக்கட்டும்."

மறுநாள் கௌசல்யா பள்ளிக்கு வந்தாள். ஊரில் ஒரு வாரம் பேசினார்கள், பிறகு சம்பள உயர்வைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அந்த வாரக் கடைசியில் அவளாக வந்து, அவன் இப்போது மன்னிப்புக் கேட்கட்டும் என்றாளாம்.

நீங்கள் அன்று திரும்பும் வழியில் வெற்றி பெற்றவர் போல் இல்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, "அந்த மனுசன் பாதி உசுர எடுத்துட்டோம் சார்" என்றீர்கள். "கேட்டுல நிக்குறதுக்கு முன்னாடியே, பிள்ள நல்லா இருக்குன்னு ஒரு சொல்லு உள்ள அனுப்பியிருக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்."

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 'பகல் ஆள்' வேண்டும். பகலில் போன் கையில் இருக்கிற ஆள். மளிகைக்கடைக்காரர், தையல் தைக்கும் அத்தை, அச்சகத்தில் இருக்கும் சித்தப்பா, யாராகவும் இருக்கலாம். பெற்றோருக்குச் சம்மதமாக இருக்க வேண்டும், பிள்ளைக்கும் பிடித்த ஆளாக இருக்க வேண்டும். 'பிள்ளைக்கு எதற்குப் பிடிக்க வேண்டும்' என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டார். "பிடிக்காத ஆளுகிட்டப் பிள்ள வாயத் திறக்குமா சார்?" என்றீர்கள். அவர், "ஆமா, வேணுந்தான்" என்றார்.

இரண்டாவது, பள்ளியிலிருந்து போகும் எந்தச் செய்தியும், எந்த அழைப்பும் 'உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறது' என்று தொடங்க வேண்டும். செய்தியில் எழுத்துகளுக்கு அளவு உண்டு, இடமில்லை என்றேன். துறையின் பெயரை எடுத்துவிடச் சொன்னீர்கள். துறையின் பெயர் இல்லாமல் யார் அனுப்பியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பிள்ள நல்லா இருக்குன்னு அவுகளுக்கு வேற யாரு சார் சொல்லப் போறா?"

வராத பிள்ளைக்கு அந்த வரியைப் போட முடியாதே என்று மடக்கினேன். எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. "போட முடியாதுதான். அப்ப அதுக்கு மெசேஜே வேண்டாம். பகல் ஆளக் கூப்பிடுவோம், இல்லேன்னா தேடிப் போவோம்" என்றீர்கள். அன்று தேநீர் இடைவேளை விடவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நீங்கள் நோயில் படுத்தபோதும், பார்க்க வந்தவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. பகல் ஆள் இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று கேட்டீர்கள். உங்கள் மகன் என்னைக் கூப்பிட்ட காலையில், எதிர்முனையில் "சார்" என்ற ஒரு சொல் கேட்டது. அதற்கு அடுத்து வர வேண்டிய 'நல்லா இருக்காக' என்ற முதல் வரி வரவில்லை. மற்றதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கௌசல்யா விருதுநகரில் கல்லூரிக்குப் போகிறாள். முத்துலட்சுமி இன்னும் அதே கம்பெனி. விதிகள் பிறகும் பலமுறை மாறிவிட்டன. நான் வீட்டுக்குப் போன் செய்தால்கூட 'நான் நல்லா இருக்கேன்' என்றுதான் தொடங்குகிறேன். பள்ளியில் வேலை பார்க்காத என் மனைவி அதைக் கேட்ட பிறகுதான் பயப்படுகிறாள்.

இன்று பயிற்சி முடிந்து சுவரொட்டிகளைக் கொடுத்தனுப்பினேன். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் பலர், உங்களைப் பார்த்திராதவர்கள். சாயங்காலம் அவர்களில் ஒரு தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"சார், பிள்ளைக எல்லாம் நல்லா இருக்காக. ஒரு விசயம். என் குரல்லயே ஒரு பதிவு குழுவுல வந்திருக்கு, நாளைக்கு லீவுன்னு. அச்சு அசல் என் குரல்தான். ஆனா நான் பேசல."

நான் புதிய வழிகாட்டுதலில் எந்தப் பிரிவு என்று தேடத் தொடங்கினேன். தாள் விரலில் ஒட்டியது.

"தேட வேண்டாம் சார். பகல் ஆளுகளக் கூப்பிட ஆரம்பிச்சாச்சு. பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு. உங்களுக்கு ஒரு தகவலுக்குத்தான் கூப்பிட்டேன். வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், டீச்சர். பள்ளியிலிருந்து அழைப்பு என்றாலே, விஷயம் தெரியும் வரை எழுந்து நின்றுதான் பேசுவேன். இத்தனை வருடப் பழக்கம். இன்று அவர் பேசி முடிக்கும் வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.